பீடத்துக்கு வந்த திராட்சை இரசம்
தென் பிரான்சின் தோட்டங்களும் நம் மலைத் திருச்சபையும்

திருப்பலியில் காணிக்கைப் பவனி வரும்போது இரண்டு சிறு குப்பிகள் பீடத்துக்கு வருகின்றன. ஒன்றில் நீர், மற்றொன்றில் திராட்சை இரசம். நீர் நம் மலையின் ஊற்று நீர். இரசமோ நம் மலையில் விளைவதன்று. மிளகும் காப்பியும் பலாவும் ஆரஞ்சும் விளையும் சேர்வராயன் மலையில், மழையும் மூடுபனியும் திராட்சைக் கொடியை வாழவிடுவதில்லை. ஆனால் குருவானவர் முதன்முதலாக இம்மலையேறி வந்து பூசை செய்த நாள் முதல் இன்று வரை, ஒரு சில துளி இரசம் இல்லாமல் இங்கே ஒரு திருப்பலியும் நடந்ததில்லை.

அந்த இரசம் எங்கிருந்து வந்தது? மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் இதனைத் தயங்காமல் கேட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் வேறொரு கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறார்கள்: "குடிக்காதே என்று பிரசங்கம் செய்கிற சாமியார், பீடத்தில் மதுவை வைப்பதேன்?" இரண்டும் நியாயமான கேள்விகளே. யூபிலி ஆண்டில் கோவில் கட்டிய வரலாற்றையும் பங்கு வளர்ந்த வரலாற்றையும் எழுதுவது வழக்கம். அவற்றோடு இந்தச் சின்னக் குப்பியின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது என எண்ணி இக்கட்டுரையை வரைகிறேன்.

பிரான்சிலிருந்து வந்தவர்கள்

சேலம் மறைமாவட்டம் 1930ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்டது. அதன் முதல் ஆயர் மேதகு ஹென்றி புருனியே ஆண்டகை, பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். இந்தச் சபையின் குருக்கள்தாம் 1776ஆம் ஆண்டில் சேசு சபையாரிடமிருந்து புதுச்சேரி மிஷனைப் பொறுப்பேற்று, நம் பகுதிகளில் எல்லாம் வேதம் போதித்தவர்கள். ஏற்காட்டில் 1894ஆம் ஆண்டில் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கிய குளூனி புனித சூசையப்பர் கன்னியரும், 1917ஆம் ஆண்டில் மான்ட்போர்ட் பள்ளியைத் தொடங்கிய புனித கபிரியேல் சகோதரர்களும் பிரான்சு நாட்டில் பிறந்த சபைகளையே சார்ந்தவர்கள். ஆகவே நம் மலைத் திருச்சபையின் வேரில் பிரான்சு நாட்டு மண் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் மிகையாகாது.

அந்த நாட்டில், சிறப்பாக அதன் தென்பகுதியில், திராட்சைத் தோட்டம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. நம் நாட்டில் நெல்லும் கேழ்வரகும் எப்படியோ, அங்கே கோதுமையும் திராட்சையும் அப்படி. அப்பமும் இரசமும் அம்மக்களுக்கு அன்றாட உணவு. நமக்கோ இரசம் திருப்பலியில் மட்டும் காணும் பொருள். இந்த வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

குடும்பம் வளர்க்கும் கொடி

தென் பிரான்சில் ரோன் என்னும் ஆறு ஓடுகிறது. அவ்வாற்றின் கரையில் அவிஞோன் நகரம் உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் பாப்பரசர்கள் உரோமையை விட்டு இந்நகரில் தங்கியிருந்தனர் என்பதைத் திருச்சபை வரலாறு படித்தோர் அறிவர். அவர்களுள் ஒருவரான 22ஆம் யோவான் (1316–1334) நகருக்குச் சற்று வடக்கே ஒரு குன்றின்மேல் கோட்டை ஒன்றை எழுப்பினார். அந்த ஊருக்குப் பிற்காலத்தில் 'ஷாத்தோநெஃப் து பாப்', அதாவது 'பாப்பரசரின் புதுக்கோட்டை' என்ற பெயர் நிலைத்தது. இன்று கோட்டை இடிந்து கிடக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் செழித்திருக்கின்றன. அவ்வூரின் கனத்த சிவப்பு இரசம் உலகப் புகழ் பெற்றது.

கனத்த இரசம் என்றால் என்ன? திராட்சையின் சாறு இயல்பில் ஏறக்குறைய நிறமற்றது. சிவப்பு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருபவை. பழத்தைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிட்டால் வெள்ளை இரசம். தோலோடு சேர்த்துப் பல நாட்கள் நொதிக்க விட்டால் சிவப்பு இரசம். பழம் எவ்வளவுக்கு வெயிலில் முற்றுகிறதோ அவ்வளவுக்கு இனிப்பு மிகும். இனிப்பு மிகுந்தால் நொதித்தபின் வீரியமும் மிகும். தென் பிரான்சில் கோடை வெயில் கடுமையானது. ஷாத்தோநெஃப் தோட்டங்கள் பலவற்றில் மண்ணே தெரியாதபடி உருண்டைக் கூழாங்கற்கள் பரந்து கிடக்கின்றன. பகலில் அவை சூட்டை வாங்கி, இரவில் கொடிக்குத் திருப்பித் தருகின்றன. வடக்கிலிருந்து 'மிஸ்திரால்' என்னும் வறண்ட காற்று வீசி, இலையின் ஈரத்தை உலர்த்தி, பூஞ்சை நோய் பற்றாமல் காக்கிறது. நம் மலையில் இல்லாதது இந்தக் காற்றுதான். 'கிரெனாஷ்' என்னும் திராட்சை வகையே அங்கு முதன்மையானது. 'சிரா', 'மூர்வேத்ர்' முதலிய வேறு வகைகளையும் கலப்பதுண்டு.

இத்தோட்டங்களில் மிகப் பல இன்றும் குடும்பச் சொத்துக்கள். தாத்தா நட்டார், தந்தை வெட்டினார், மகன் அறுக்கிறான் என்ற முறையில் தொழில் நடக்கிறது. நட்ட கொடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். நம் காப்பிச் செடியும் அவ்வாறே. ஆனால் நன்கு பேணிய திராட்சைக் கொடி ஐம்பது, எண்பது ஆண்டுகள் கூட நிற்கும். வயது ஏற ஏறக் காய்ப்புக் குறையும். பழத்தின் சாரமோ கூடும். குளிர்காலத்தில் கவாத்து, ஜூன் மாதத்தில் பூ, செப்டம்பரில் அறுவடை. அறுவடை நாட்களில் வீட்டார், சுற்றத்தார், கூலியாட்கள் எல்லாரும் தோட்டத்தில்தான் இருப்பர். ஷாத்தோநெஃபில் ஓர் ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 3,500 லிட்டருக்கு மேல் இரசம் எடுப்பதில்லை என்பது விதி. நிறைய எடுத்து நீர்த்த இரசம் விற்பதைவிடக் குறைவாக எடுத்து நல்லது விற்பதே நிலைக்கும் என்பதை அக்குடும்பங்கள் அனுபவத்தில் கண்டவை.

கொடிக்கு வந்த நோயும் நம் காப்பிச் செடியும்

இந்த வாழ்வு இடையறாது ஓடியது என எண்ண வேண்டாம். 1860களில் ரோன் ஆற்றங்கரைத் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868ஆம் ஆண்டில் மோன்பெலியே நகரத்துத் தாவரவியல் அறிஞர் பிளான்ஷோனும் அவருடன் சென்றவர்களும் வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, கண்ணுக்கு எட்டியும் எட்டாத மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் வேரை உறிஞ்சிக் கொண்டிருந்தன. அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த கொடிகளோடு வந்த 'பிலாக்சரா' என்னும் பூச்சி அது. 1875ஆம் ஆண்டில் எட்டுக் கோடி ஹெக்டோலிட்டருக்கு மேலிருந்த பிரான்சின் இரச விளைச்சல் 1889ஆம் ஆண்டில் இரண்டரைக் கோடிக்கும் கீழே விழுந்தது. (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது நூறு லிட்டர்.) எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விட்டு அல்ஜீரியாவுக்கும் நகரங்களுக்கும் பிழைப்புத் தேடிப் போயின.

மருந்து, நோய் வந்த இடத்திலேயே கிடைத்தது. அமெரிக்கக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கவல்லது. அந்த வேரின்மேல் பிரான்சு நாட்டுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்று பிரான்சில் உள்ள கொடிகளில் பெரும்பாலானவை இவ்வாறு ஒட்டுக் கட்டியவையே.

அதே காலத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது? சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். 1869ஆம் ஆண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றி, அத்தொழிலையே அழித்து, அத்தீவைத் தேயிலை நாடாக மாற்றியது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. அங்கே திராட்சைக் குடியானவர் வேரைப் பார்த்து அழுத நாட்களில், இங்கே காப்பிக்காரர் இலையைப் பார்த்து அழுதார்.

இரண்டு கண்ணீரையும் இணைக்கும் பொருள் ஒன்று உண்டு. அது நம் தோட்டங்களில் மருந்தடித்தவர் எவருக்கும் தெரிந்த போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் நீரும் சேர்த்த நீலக் கலவை. 'போர்டோ' என்பது தென்மேற்குப் பிரான்சில் உள்ள திராட்சை நாட்டின் பெயர். அங்கே சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிப்பதைத் தடுக்க, விஷம்போல் தோன்றும்படி இந்தக் கலவையைத் தெளிப்பது சிலர் வழக்கம். 1882ஆம் ஆண்டில் மில்லார்தே என்னும் பேராசிரியர் அவ்வழியே சென்றபோது, மற்றக் கொடிகளெல்லாம் பூஞ்சை நோயால் இலையுதிர்ந்து நிற்க, கலவை பட்ட கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். திருடனுக்கு அஞ்சித் தெளித்தது செடிக்கு மருந்தாயிற்று! அதே கலவையே காப்பியின் இலைத்துருவுக்கும் மருந்தாகி, இன்றளவும் மழைக்கு முன்னும் பின்னும் நம் தோட்டங்களில் தெளிக்கப்படுகிறது. பீடத்துக்கு இரசம் தந்த கொடியைக் காத்த மருந்துதான், நம் வீட்டுக்குச் சோறு போட்ட செடியையும் காத்தது.

நேர்மையான இரசத்துக்காக

பூச்சியை வென்ற பிறகு அக்குடியானவர்களுக்கு வேறொரு பகை வந்தது. அது கலப்படம். கொடிகள் அழிந்திருந்த நாட்களில், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்தும், பீட்ரூட் சர்க்கரையைக் கரைத்தும் போலி இரசம் செய்து விற்கப் பழகிய வணிகர் சிலர், நல்ல விளைச்சல் திரும்பிய பின்னும் அதனை விடவில்லை. அல்ஜீரியாவிலிருந்தும் மலிவான இரசம் வந்து குவிந்தது. விலை வீழ்ந்தது. உழுதவன் கடனாளியானான்.

1907ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், லாங்தோக் நாட்டில் அர்ஜெலியே என்னும் சிற்றூரிலிருந்து 87 பேர் நார்போன் நகருக்கு நடந்து சென்று தம் குறையை முறையிட்டனர். அவர்களுக்குத் தலைவர் மார்செலேன் அல்பேர். சிறு தோட்டமும் ஒரு காப்பிக் கடையும் வைத்திருந்த எளியவர். வாரந்தோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9ஆம் நாள் மோன்பெலியே நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர் என்பர். தங்க இடமின்றித் தவித்த அம்மக்களுக்கு மோன்பெலியே ஆயர் தெ கப்ரியேர் ஆண்டகை கோவில் கதவுகளைத் திறந்துவிட்டார். அப்போது பிரான்சில் அரசுக்கும் திருச்சபைக்கும் கடும் மனவேறுபாடு நிலவியது. கூட்டத்தில் கோவிலுக்கே போகாதவர் பலர் இருந்திருப்பர். ஆயினும் ஆயர், வந்தவர்களின் விசுவாசத்தை விசாரிக்கவில்லை. அவர்களுடைய களைப்பையே பார்த்தார். அடுத்த சில நாட்களில் நார்போனில் இராணுவம் சுட்டதில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஜூன் 29ஆம் நாள் அரசாங்கம் கலப்படத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது.

இதன்பின் குடியானவர்கள் கூட்டுறவுக் கிடங்குகளைக் கட்டிக் கொண்டனர். ஷாத்தோநெஃப் ஊரார் 1923ஆம் ஆண்டு முதல் பாரன் லெ ருவா என்பவர் தலைமையில், எந்த நிலத்தில், எந்த வகைக் கொடியிலிருந்து எடுத்தால்தான் தம் ஊர்ப் பெயரை இட்டு விற்கலாம் எனத் தாமே விதி வகுத்துக் கொண்டனர். 1936ஆம் ஆண்டில் அது அரசு விதியாயிற்று. நம் நாட்டில் புவிசார் குறியீடு என்பது இதன் வழிவந்ததே. நம் சேலம் ஜவ்வரிசிக்கும், தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023ஆம் ஆண்டில் அக்குறியீடு கிடைத்தது. அந்தப் பன்னீர் திராட்சையையும் பிரான்சு நாட்டுக் குரு ஒருவரே தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்ற செவிவழிச் செய்தி உண்டு.

இதில் திருச்சபைக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நிறைய உண்டு. திருப்பலிக்கான இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாகவும், கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 924ஆம் பிரிவிலும் உண்டு. சர்க்கரைத் தண்ணீரில் செய்த போலி இரசத்தால் திருப்பலி நிறைவேற்ற முடியாது. குடியானவன் ஏமாற்றப்பட்டால் பீடமும் ஏமாற்றப்படும். கடைகளிலும் இணையத்திலும் அப்பமும் இரசமும் விற்பனைக்கு வந்துவிட்ட இந்நாட்களில், இவற்றின் தூய்மையைக் கண்காணிப்பது ஆயர்களின் கடமை என்று 2017ஆம் ஆண்டில் உரோமை மீண்டும் நினைவூட்டியது.

கடல் கடந்த இரசம்

வெப்ப நாட்டில் திருப்பலி இரசத்தைக் கெடாமல் காப்பது பெரும்பாடு. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கும் வரை ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே இந்தியாவுக்கு வந்தன. மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் வெந்து, பின் மாட்டுவண்டியில் குலுங்கி, மலைப்பாதையில் தலைச்சுமையாக ஏறிய இரசம் புளித்துக் காடியாகிவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது. காடியாகிவிட்ட இரசம் திருப்பலிக்கு ஆகாது.

இதற்கும் தென் பிரான்சிலேயே வழி இருந்தது. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ருசியோன் பகுதியில், நொதித்துக் கொண்டிருக்கும் சாற்றில் திராட்சையிலிருந்தே வடித்த சாரத்தைச் சேர்ப்பார்கள். நொதித்தல் நின்றுவிடும், பழத்தின் இனிப்பு மிஞ்சும், வீரியமும் கூடும். 13ஆம் நூற்றாண்டில் மோன்பெலியேயில் மருத்துவம் கற்பித்த அர்னோ தெ வில்நேவ் இம்முறையைக் கண்டார் என்பது மரபு. இவ்வகை இரசம் திறந்து வைத்தாலும் எளிதில் கெடாது. சேர்க்கும் சாரம் திராட்சையினுடையதாகவே இருக்க வேண்டும், அளவு மீறக் கூடாது, நொதிக்கும் போதே சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமை இதற்கு இசைவளித்தது. பூசை இரசம் இனிப்பாயிருப்பதேன் என்று பீடச் சிறுவர்கள் கேட்பதற்கு இதுவே விடை. பலவிடங்களில் பூசை இரசம் சிவப்பாக இல்லாமல் பொன்னிறமாக இருப்பதற்குக் காரணம் இன்னும் எளிது: சிவப்புக் கறை பீடத்துணியை விட்டுப் போகாது! நிறம் எதுவானாலும் திருச்சபைக்கு ஒன்றே.

மதுவிலக்கின் முதல் மாவட்டம்

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருவோம். இந்தியாவில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது எங்கே தெரியுமா? நம் சேலம் மாவட்டத்தில்தான். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணப் பிரதமராயிருந்த இராஜாஜி அதனைத் தொடங்கி வைத்தார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்தோடு சேர்ந்திருந்தன. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஒரே நாளில் மூடப்பட்டன. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939ஆம் ஆண்டில் விற்பனை வரி வந்தது. 1948ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆயிற்று, 1971இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003ஆம் ஆண்டு முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை விற்பனையை நடத்தி வருகிறது.

மதுவிலக்கு நாட்களில் திருப்பலி நின்றதா? நிற்கவில்லை. வழிபாட்டுக்கென மட்டும், அனுமதியோடு, அளவோடு இரசம் வைத்துக்கொள்ள வழி விடப்பட்டது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோதும் அவ்வாறே விலக்கு அளிக்கப்பட்டது. அங்கே சமயத்தின் பெயரால் அதனை வணிகமாக்கியோரும் உண்டு. ஆகவே இந்த விலக்கு ஓர் உரிமை மட்டுமன்று. அது நம்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை. ஊரெல்லாம் கடை மூடியிருந்த நாளிலும் சக்ரீஸ்து அலமாரியில் ஒரு புட்டி இருக்கலாம் என்று நாடு ஒப்புக்கொண்டது, அது குடிப்பதற்கன்று என்று நம்பியதால்தான்.

ஒரு திருப்பலிக்குத் தேவைப்படுவது சில கரண்டி இரசம். அதுவும் தூய நெஞ்சோடு, பீடத்தின் முன் நின்று பருகுவது. குடிநோயால் துன்புறும் குரு ஒருவருக்கு அதுகூட ஆபத்தாகலாம் என்பதைத் திருச்சபை அறியும். நொதிக்கத் தொடங்கியதும் நிறுத்தப்பட்ட, போதையில்லாத 'மஸ்தும்' என்னும் சாற்றை ஆயரின் அனுமதியோடு அத்தகைய குரு பயன்படுத்தலாம். பீடத்திலேயே இவ்வளவு எச்சரிக்கை என்றால், நம் வீட்டில் எவ்வளவு வேண்டும்!

திராட்சைத் தோட்டம் நட்ட நோவா மயங்கி விழுந்ததையும் விவிலியம் மறைக்கவில்லை. கானாவூரில் ஆண்டவர் இரசம் தந்து ஏழை வீட்டின் மானம் காத்ததையும் மறைக்கவில்லை. கொடி ஒன்றுதான். அதன் கனி குடும்பத்தைக் கூட்டுகிறதா, கலைக்கிறதா என்பதே கேள்வி. தென் பிரான்சில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை உழைத்து ஒரு புட்டி இரசம் செய்கிறது. இங்கே ஒரு புட்டி மது ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உழைப்பை விழுங்குகிறது. காப்பித் தோட்டத்தில் வாங்கிய வாரக் கூலி வீடு வந்து சேருமுன் கரைவதையும், தாயின் தாலி அடகுக்குப் போவதையும், படிக்கிற பிள்ளை பாதியில் வேலைக்குப் போவதையும் இம்மலையில் வாழும் நாம் கதையாகக் கேட்டவர்கள் அல்லர், கண்ணால் கண்டவர்கள்.

எனவே பங்கு மக்களுக்கு என் வேண்டுகோள் இது. யூபிலித் திருவிழாவுக்குக் கொடியேற்றம் முதல் அசன விருந்து வரை எல்லா ஏற்பாடுகளும் சிறப்பாய் நடக்கட்டும். பறையும் பேண்டும் முழங்கட்டும். உறவினர் வந்து நிறையட்டும். ஆனால் திருவிழாவின் பெயரால் எந்த வீட்டிலும் மது பரிமாற வேண்டாம். இளைஞர் மன்றத்தாரும், மாதா சபைத் தாய்மாரும், கிராமப் பெரியவர்களும் கூடிப் பேசி இதனை உறுதிசெய்ய வேண்டும். குடியை நிறுத்த விரும்பியும் இயலாமல் தவிப்பவர்கள் பங்கு இல்லத்துக்கு எந்நேரமும் வரலாம். அவர்களைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல ஆள் உண்டு. அவர்கள் பெயர் வெளியே போகாது. மோன்பெலியே ஆயர் திறந்த கதவுபோல் நம் கதவும் கேள்வி கேளாமல் திறந்திருக்கும்.

திருவிழாத் திருப்பலியில் கோப்பை உயர்த்தப்படும்போது, கொடியை வளர்த்த கைகளுக்காகவும், காப்பிப் பழம் பறிக்கும் நம் கைகளுக்காகவும், கோப்பையால் கெட்ட குடும்பங்களுக்காகவும் சேர்ந்து செபிப்போம். அந்தக் கோப்பை ஒன்றே நம் பங்குக்குப் போதும்.